மிக்சோமா: இதய இழுதுக்கட்டி

மிக்சோமா என்பது ஒரு வகைக் கட்டி. ‘மிக்சா’ என்றால் கிரேக்கத்தில் சளி, கோழை. ‘ஓமா’ கட்டியைக் குறிக்கும் ஈறு. தொப்புள்கொடியின் வழுவழுப்பான திசுவை ஒத்த கட்டிகளுக்கு ஜெர்மானிய நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ச்சோ 19-ஆம் நூற்றாண்டில் இப்பெயரிட்டார்.

தமிழில் இதைச் ‘சளிக்கட்டி’ என்றால் நெஞ்சுச்சளி என்று நினைத்துவிடுவார்கள். ‘சீதப்புற்று’ அதைவிட மோசம். ‘ஓமா’ வந்தாலே புற்று என்று எழுதுவது தவறு. இது புற்றுநோயே அல்ல. குழைவான நெய், கொழுப்பு போன்றவற்றுக்குத் தமிழில் ‘இழுது’ என்ற பழஞ்சொல் உண்டு. ஜெல்லி மீனை இழுதுமீன் என்கிறோமே, அதே சொல்தான். ஆகவே இழுதுக்கட்டி, இதயத்தில் வந்தால் இதய இழுதுக்கட்டி.

புற்றல்ல என்பதற்காகத் ‘தீங்கற்ற கட்டி’ என்றும் எழுதாதீர்கள். இதயத்திலேயே தோன்றும் கட்டிகள் மிக அரிது. பெரியவர்களுக்கு வரும் புற்றல்லாத இதயக் கட்டிகளில் இதுவே அதிகம். நான்கில் மூன்று இடது மேலறையில், பெரும்பாலும் இரு மேலறைகளின் இடைச்சுவரில் காம்பு விட்டுத் தொங்கும். இதயம் துடிக்கும்போது கட்டி ஊசலாடி, இடது மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மிட்ரல் வால்வை அடைக்கும். மூச்சு வாங்கும், தலை சுற்றும். சிலருக்குப் படுக்கும் நிலையை மாற்றினால் இத்தொல்லைகள் கூடும் அல்லது குறையும். ஸ்டெதஸ்கோப்பில் வால்வுச் சுருக்கம் போலவே கேட்பதால் ருமாட்டிக் இதயநோய் (தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வரும் காய்ச்சலால் வால்வு கெடும் நோய்) என்று மயங்க இடமுண்டு. காய்ச்சலும் எடைக்குறைவும் வேறு நோய்களை நினைக்க வைக்கும். எளிதில் உதிரும் கட்டி இது; ஒரு துணுக்கு மூளைக்குப் போனால் பக்கவாதம். இளவயதில் காரணம் தெரியாத பக்கவாதம் வந்தால் எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) பார்ப்பது இதற்காகவும்தான்.

எக்கோ வருமுன் இது பெரும்பாலும் பிரேதப் பரிசோதனையில்தான் தெரிந்தது. இன்று எக்கோவிலேயே காம்பு, அளவு, அசைவு எல்லாம் தெரியும். இழுதுக்கட்டியா, உறைந்த இரத்தமா என்ற ஐயம் எழுந்தால் உணவுக்குழாய் வழி எக்கோவோ எம்.ஆர்.ஐ.யோ உதவும்.

மருந்தால் கரையாது, அறுவைதான் வழி, அதையும் தள்ளிப்போடக் கூடாது. 1954-இல் ஸ்டாக்ஹோமில் அறுவை மருத்துவர் கிளாரன்ஸ் கிராஃபோர்டு, அறுவையின்போது இதயம், நுரையீரல் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையோடு முதன்முதலாக இதை வெற்றிகரமாக அகற்றினார். இன்றும் அடிப்படை அதுவே. இதயத்தை நிறுத்தும்வரை கட்டி நசுங்காதபடி அதிகம் தொடாமல் இருப்பார்கள். பிறகு காம்போடு, அது ஒட்டியிருந்த இடைச்சுவர்ப் பகுதியையும் வெட்டியெடுத்து, ஓட்டை விழுந்தால் ஒட்டுப்போட்டு மூடுவார்கள். வேர்ப்பகுதி எஞ்சினால் மீண்டும் வளரக்கூடும்.

முழுதாக எடுத்தால் பெரும்பாலோருக்குத் திரும்ப வருவதில்லை. கார்னி கூட்டறிகுறி என்னும் மரபுவழிக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் அந்த வாய்ப்பு அதிகம். அவர்களும் நெருங்கிய இரத்த உறவினரும் தொடர்ந்து எக்கோ பார்த்துக்கொள்ள வேண்டும்.