யூரியூப் பக்கேஜ் இருக்க, மற்ற டேட்டா ஏன் கரைகிறது?

கோப்பாயில் ஏ.எல். படிக்கும் ஒரு மாணவியின் போனில் வட்ஸ்அப், யூரியூப் இரண்டுக்குமான பக்கேஜ் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ரியூசன் குழுவில் ஆசிரியர் போட்ட லிங்க்கை அழுத்துகிறாள், 12 எம்.பி. பி.டி.எப். ஒன்று இறங்குகிறது. கழிவது எந்தத் தளத்துக்கும் பயன்படும் பொது டேட்டா. லிங்க் வந்ததுதான் வட்ஸ்அப்பில், கோப்பு இருந்தது வேறொரு சேர்வரில். ஆசிரியர் அதே கோப்பைக் குழுவிலேயே இணைத்து அனுப்பியிருந்தால் அது வட்ஸ்அப் கணக்கில் போயிருக்கும்.

வட்ஸ்அப் செய்தியும் யூரியூப் வீடியோவும் பூட்டப்பட்டே பயணிக்கின்றன. உள்ளே இருப்பதைப் போன் இணைப்புத் தரும் கொம்பனியால் வாசிக்க முடியாது. போகுமிடம் மட்டும் தெரியும். போன் முதலில், பெயருக்கு முகவரி தேடித்தரும் டி.என்.எஸ். சேர்வரிடம் தளத்தின் பெயரைச் சொல்லி அதன் ஐ.பி. முகவரியை (இணையத்தில் அதன் எண் முகவரி) கேட்கிறது. பிறகு இணைப்பைத் தொடக்கும் முதற் செய்தியில் அந்தப் பெயர் பெரும்பாலும் பூட்டில்லாமலே போகிறது. எஸ்.என்.ஐ. என்பது இதுதான். கொம்பனியின் கருவி அந்தப் பெயரையோ முகவரியையோ தன் பட்டியலோடு ஒப்பிட்டு, எந்தக் கணக்கில் கழிப்பது என்று முடிவெடுக்கிறது.

பிழைகள் பிறப்பது இந்தப் பட்டியலில்தான். யூரியூப்பின் பக்கம் ஒரு பெயரில் வருகிறது, வீடியோ ‘கூகுள்வீடியோ’ என்ற வேறு பெயரில் ஓடுகிறது, சிறுபடங்களுக்கு இன்னொரு பெயர். ஒன்று விடுபட்டாலும் அது பொது டேட்டாவைத் தின்னும். அன்ட்ரொயிட் போனில் வட்ஸ்அப் எடுக்கும் பக்கப் (காப்புப்பிரதி) கூகுளின் சேர்வருக்குப் போவதால் அதுவும் பெரும்பாலும் வெளியே நிற்கும். அதை வைஃபையில் மட்டும் எடுக்கும்படி மாற்றிவிடுங்கள். வி.பி.என். என்பது எல்லாவற்றையும் பூட்டி வேறொரு சேர்வர் வழியாக அனுப்பும் அப். அதைப் போட்டால் கொம்பனிக்குத் தெரிவது வி.பி.என். சேர்வரின் முகவரி ஒன்றே. அப்போது எல்லாமே பொதுக் கணக்கு.

எங்களை உண்மையில் கவலைப்படுத்துவது வேறு. பிரித்து எண்ணத் தெரிந்த கருவிக்குப் பிரித்து வேகம் குறைக்கவும் தெரியும். 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகத்தில் யாழ்ப்பாணத்துப் பழைய சஞ்சிகை ஒன்றை இறக்கினால் பொது டேட்டா கழியும். யூரியூப் பக்கேஜில் குறுவீடியோக்களை மணிக்கணக்காகப் பார்த்தால் அது கழியாது. எதை வாசிக்கலாம் என்பதை இப்படி விலைப்பட்டியல் தீர்மானிப்பது அநியாயம். இந்தியாவின் ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், உள்ளடக்கத்தைப் பார்த்து வெவ்வேறு கட்டணம் அறவிடுவதை 2016 பெப்ரவரியில் தடைசெய்தது. எல்லா உள்ளடக்கத்தையும் ஒரேமாதிரி நடத்த வேண்டும் என்ற இந்தக் கொள்கையைத்தான் இணைய நடுநிலைமை என்கிறார்கள். இலங்கையிலோ இத்தகைய பக்கேஜ்கள் வெளிப்படையாக விற்பனையில் உள்ளன.

வேகம் குறைக்கப்படுகிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். மற்ற அப்களை மூடிவிட்டு, இரவு 8 மணிபோல ஒரே வீடியோவை ஒரே தரத்தில் 5 நிமிடம் ஓடவிடுங்கள். உடனேயே வி.பி.என். போட்டு மறுபடி ஓடவிடுங்கள். மாறிமாறி மூன்று தடவை செய்ய வேண்டும், ஏனென்றால் அந்த நேரம் டவரில் நெரிசலும் இருக்கும். நெரிசல் இரண்டையும் ஏறக்குறைய ஒரேயளவில் தாக்கும். வி.பி.என்.னில் மட்டும் ஒவ்வொரு தடவையும் தடங்கலின்றி ஓடினால் சந்தேகத்துக்கு இடமுண்டு. எந்தக் கணக்கில் கழிந்தது என்றும் பார்ப்பதானால், கழிந்த அளவு மீதிக் கணக்கில் தாமதமாகப் பதிவாகலாம். சற்றுப் பொறுத்துப் பாருங்கள்.

‘அன்லிமிட்டட்’ என்ற சொல்லுக்குக் கீழேயுள்ள சிறிய எழுத்தையும் வாசியுங்கள். எல்லை தாண்டியபின் வேகம் 128 கே.பி.பி.எஸ். ஆனால், 1 ஜி.பி. இறங்க 17 மணித்தியாலத்துக்கு மேல் செல்லும்.

பக்கேஜ் போடும் அன்றே நிபந்தனைப் பக்கத்தை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைப்பது நல்லது, அது பிறகு மாறக்கூடும். முறைப்பாட்டை முதலில் கொம்பனியிடம் கொடுத்து முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். தீர்வு வராவிட்டால், 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு அந்த இலக்கம், திகதி, நேரம், ஸ்கிரீன்ஷொட் எல்லாவற்றையும் சேர்த்து எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்.