‘பாரிஸ்’ என்பது ஊர்ப் பெயர், ஐயா

‘பாரிஸ்’ என்ற பெயரைப் பார்த்துப் பழைய கிளாரினெட் வாங்கி ஏமாந்த கதை, இந்த வருடத்தில் இது நான்காவது. போன சனிக்கிழமை, செம்பனைத் தோட்டத்தில் லாரி ஓட்டும் ஒருவர் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் வாத்திய ரிப்பேர் பட்டறைக்கு வந்தார். மகள் பள்ளி பேண்டில் சேர்ந்திருக்கிறாள். இணையத்தில் 1,800 ரிங்கிட்டுக்கு ஒரு பழைய கிளாரினெட் வாங்கியிருக்கிறார்.

“பாரிஸ்னு போட்டிருக்கு மாஸ்டர். பஃபேதானே?”

இல்லை. பஃபே பெயர்பெற்ற பிரெஞ்சு கிளாரினெட் கம்பெனிதான். ஆனால் பாரிஸில் பஃபே மட்டுமா கடை வைத்திருந்தது?

எத்தனை முறை சொன்னாலும் யாருக்கும் ஏறுவதில்லை: பழைய கிளாரினெட்டில் பொறித்திருக்கும் பெயர் பல நேரம் விற்றவர் பெயர், செய்தவர் பெயர் இல்லை. பட்டுப்புடவைப் பெட்டியில் கடைப் பெயர்தானே இருக்கிறது, நெய்தவர் பெயரா இருக்கிறது? பிரான்சில் லா கூட்யூர்-புசே என்று ஒரு சிற்றூர். தலைமுறை தலைமுறையாக மரக்குழல் வாத்தியம் செய்த ஊர். வெளிநாட்டுக் கடைக்காரர்கள் கேட்ட பெயரைப் பொறித்து அனுப்பிய பட்டறைகள் அங்கே உண்டு. பட்டறை ஒன்று, பெயர் பத்து.

இதில் பெல், அதாவது அடியில் விரிந்திருக்கும் வாய், வேறு கழன்று வரும். நாயனத்துக்கு அணசு மாற்றுவதுபோல மாற்றிவிடலாம். நல்ல பெயர் போட்ட பெல்லை மலிவுக் குழலில் செருகி விற்பவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால் பெல்லை விடுங்கள், நடுவில் இருக்கும் இரண்டு குழல்களைப் பாருங்கள். இரண்டிலும் எண் இருந்தால் ஒத்துப்போக வேண்டும். எண்ணை மட்டும் அனுப்பி “எந்த வருசம்?” என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி வரிசை. தெருப் பெயர் இல்லாத வீட்டு எண்ணை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது?

‘பண்டி’ என்று பொறித்த கிளாரினெட்டை ‘செல்மர்’ என்ற பெரிய கம்பெனியின் பெயரில் விற்பார்கள். பொய் இல்லை, செல்மரின் அமெரிக்க மாணவர் ரகம் அது. பிளாஸ்டிக்கும் கெடுதல் இல்லை. உயர்ரகமான பாரிஸ் செல்மரின் விலை கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிடுங்கள்.

மரமா என்று சந்தேகமா? கட்டைவிரலால் சூடேறத் தேய்த்து முகர்ந்து பாருங்கள். கந்தக வாடை வந்தால் எபோனைட். ரப்பரைக் கந்தகம் சேர்த்து இறுக்கியது. நம் பாட்டி சீவிய பாலாகக்கூட இருக்கலாம்!

லாரிக்காரர் வாங்கியது மரம்தான். ஆனால் குழலின் பின்பக்கம் பொடி எழுத்தில் ‘எச்.பி.’ என்று இருந்தது. ஹேண்ட்போன் இல்லை, ‘ஹை பிட்ச்’, அதாவது உயர்ந்த சுருதி. இன்று ‘ஏ’ சுரம் நொடிக்கு 440 அதிர்வு. அந்தக் காலத்துப் பட்டாள பேண்டுகளில் 452 வாக்கில் இருந்தது. ஊதுமுனைக்குக் கீழிருக்கும் ‘பேரல்’ என்ற குட்டிக் குழலை இழுத்துச் சரிக்கட்டவும் முடியாது, துளைகளே அந்தச் சுருதிக்குப் போட்டவை. பிள்ளை எவ்வளவு சாதகம் செய்தாலும் பேண்டோடு சேராது. திட்டு மட்டும் அவளுக்கு.

தயவுசெய்து, காசு கட்டுமுன் இரண்டு குழல்களையும் முன்னும் பின்னும் படமெடுத்து, ரிப்பேர் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நான் அதற்குக் காசு வாங்குவதில்லை.

மகளுக்கு என்னிடம் இருந்த யமஹாவைக் கொடுத்தனுப்பினேன். போகும்போது அவர் கேட்டார்: “அந்தப் பழசத் திரும்ப வித்திரலாமா, மாஸ்டர்?”

“விற்கலாம். அந்த எச்.பி.யையும் படமெடுத்துப் போடுங்கள்” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை.