பிளக்கை நீங்களே மாற்றுங்கள், ஹெட் மரையைக் கெடுத்துவிடாதீர்கள்

பெட்ரோல் கார் வைத்திருப்பவர் தன் கையால் ஸ்பார்க் பிளக் மாற்றுவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. காட்பாடியில் ஒர்க்‌ஷாப் நடத்துகிறவன் இப்படிச் சொல்லலாமா என்று சிலர் கேட்கிறார்கள். தாராளமாகச் சொல்லலாம். பிளக் மாற்றும் கூலியில் எனக்குப் பெரிதாக ஒன்றும் வந்துவிடாது. ஆனால் தப்பாக மாற்றிவிட்டு, ஹெட்டில், அதாவது பிளக் திருகி நிற்கும் இன்ஜினின் மேல்பகுதியில், மரை போய் வந்து நிற்கும் வண்டிகளைப் பார்த்தால் மனசு கஷ்டமாகிவிடுகிறது. பிளக் விலையைவிடப் பல மடங்கு செலவு, அதுவும் தவிர்த்திருக்கக்கூடிய செலவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

சத்துவாச்சாரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார். "தம்பி, வீடியோ பார்த்துதான் செஞ்சேன். பாதி உள்ளே போனதும் டைட்டா இருந்துச்சு, சரி, புது பிளக் அப்படித்தான் இருக்கும்னு ஸ்பேனர் போட்டுத் திருப்பிட்டேன்" என்றார். அந்தப் பிளக்கை மெதுவாகக் கழற்றிப் பார்த்தால், அதன் மரை இடுக்கில் வெள்ளி நிறத்தில் மெல்லிய சுருள் ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது. அது ஹெட்டின் அலுமினியம். பிளக் கோணலாக ஏறியிருக்கிறது, ஸ்டீல் மரை அலுமினிய மரையைச் சீவித் தள்ளிவிட்டது. புது மரை வெட்டி, ஹெலிகாயில் என்கிற மரைச் சுருளைப் போட்டுத்தான் சரிசெய்ய முடிந்தது. சிலிண்டருக்குள் துகள் விழுந்துவிடும் என்ற பயம் இருந்தால் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும்.

எனவே முக்கியமான விஷயம் இதுதான்: பிளக் கடைசிவரை கை பலத்திலேயே உள்ளே இறங்க வேண்டும். ராட்செட் கைப்பிடியைக் கழற்றி வைத்துவிட்டு, பிளக் சாக்கெட்டையும் எக்ஸ்டென்ஷனையும் மட்டும் விரல்களால் பிடித்துத் திருப்புங்கள். முதலில் இடப்பக்கமாக ஒரு சுற்று திருப்பினால், மரையும் மரையும் சேரும் இடத்தில் லேசாக ஒரு 'டிக்' கையில் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் இறுகினால் அப்படியே நிறுத்துங்கள், வெளியே எடுங்கள், மறுபடி ஆரம்பியுங்கள். இடுக்கான இடமாக இருந்தால் பிளக்கின் மேல்முனையில் ஒரு துண்டு ரப்பர் ஹோஸைச் செருகி அதைப் பிடித்துத் திருப்பலாம். கோணலாக ஏறினால் ஹோஸ் வழுக்கிவிடுமே தவிர மரை கெடாது.

உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனருக்கு வேலை. வாஷர் உள்ள புது பிளக் என்றால் கையால் இறுகிய இடத்திலிருந்து அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு சுற்று வரை. அதே பிளக்கைத் திரும்பப் போடும்போது வாஷர் ஏற்கெனவே நசுங்கியிருக்கும், பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று போதும். எவ்வளவு முடுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் கிடைத்தால் இன்னும் நல்லது. அலுமினிய ஹெட்டில் 14 மிமீ மரைக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர், 12 மிமீ மரைக்கு 15 முதல் 20 என்பது பொதுவான அளவு. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சரி. மரையில் ஆயிலோ கிரீஸோ தடவுகிறவர்கள் உண்டு. தடவாதீர்கள். இப்போது வரும் பிளக்குகளில் துரு பிடிக்காத பூச்சு ஏற்கெனவே இருக்கிறது. வழுவழுப்பு கூடினால் அதே அளவு முடுக்கினாலும் மரைமேல் விழும் இழுப்பு கூடிவிடும்.

இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூடான ஹெட்டில் கழற்றினால் அலுமினிய மரை பிளக்கோடு பிய்ந்து வரலாம். சூட்டில் முடுக்கினாலும் வம்புதான்: ஆறும்போது அலுமினியம் ஸ்டீலைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும், அடுத்த முறை பிளக் அசையாது. அக்னி நட்சத்திர நாட்களில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது மதியம் நிறுத்திய வண்டி சாயங்காலம் வரை சுடும். இரவு முழுக்க நிறுத்திவிட்டு விடியற்காலையில் செய்யுங்கள்.

பாலாற்றுப் புழுதி நம் பக்கத்து வண்டிகளில் எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது என்று போனட்டைத் திறந்தால்தான் தெரியும். பிளக் குழிக்குள்ளும் மண் இருக்கும். பிளக்கின் மேல் உட்கார்ந்து அதற்கு மின்சாரம் தரும் காயிலை எடுத்ததும் பிளக்கை எடுத்துவிடாதீர்கள். பாதிச் சுற்று தளர்த்தி, சைக்கிள் பம்ப்பால் குழியை ஊதிவிட்டு, அப்புறம் முழுக்கக் கழற்றுங்கள். இல்லாவிட்டால் அந்த மண் நேராக சிலிண்டருக்குள் விழும். காயிலைக் கழற்றும்போது ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கனெக்டரின் பிளாஸ்டிக் லாக் இன்ஜின் சூட்டில் காய்ந்து அப்பளம்போல் நொறுங்கும். கனெக்டரை முதலில் கொஞ்சம் உள்ளே தள்ளி, லாக்கை அழுத்தி, பிறகு வெளியே எடுங்கள். ஒரு சிலிண்டரை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். காயிலுக்குப் பதில் பிளக் ஒயர் வரும் பழைய வண்டிகளில் இது மிக அவசியம். ஒயர் மாறினால் ஃபயரிங் ஆர்டர், அதாவது சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை, கெட்டு வண்டி ஸ்டார்ட் ஆகாது; அப்படியே ஸ்டார்ட் ஆனாலும் குலுங்கும்.

கடையில் "பார்க்க ஒரே மாதிரிதான் சார் இருக்கு" என்று கொடுப்பதை வாங்காதீர்கள். மரையின் நீளமும் ஹீட் ரேஞ்சும் (பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாக வெளியேற்றும் என்ற அளவு) வண்டிக்கு வண்டி மாறும். என்ஜிகே, டென்சோ பிளக்குகளில் ஹீட் ரேஞ்ச் எண் கூடக்கூடக் குளிர்ந்த பிளக், அதாவது சூட்டை வேகமாக வெளியேற்றும் பிளக். பாஷ் பிளக்கில் அது அப்படியே தலைகீழ். கம்பெனி மாற்றி வாங்கும்போது எண்ணை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவீர்கள். சாதா நிக்கல் பிளக்கில் பொறி தாண்டும் இரண்டு முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் 0.7 முதல் 1.1 மிமீக்குள் இருக்கும். இரிடியம் பிளக்கின் நடு முனையில் எதையும் வைத்து நெம்பாதீர்கள், மெல்லிய முனை உடைந்துவிடும். கீழே விழுந்த பிளக்கையும் போட வேண்டாம். பீங்கானில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விட்டிருக்கலாம்.

கழற்றிய பழைய பிளக்குகளைத் தூக்கி எறிவதற்கு முன் சிலிண்டர் வரிசைப்படி ஒரு பேப்பரில் அடுக்கிப் பாருங்கள். இளம்பழுப்பு அல்லது சாம்பல் நிறம் என்றால் இன்ஜின் நலம். காய்ந்த கரி படிந்திருந்தால் பெட்ரோல் கூடுதலாகப் போகிறது, அல்லது வண்டி குட்டிக் குட்டி ஓட்டமாகவே ஓடுகிறது. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம், அங்கிருந்து மார்க்கெட் என்று ஓடும் வண்டியில் பிளக் தன் கரியைத் தானே எரிக்கும் சூட்டுக்கு வருவதே இல்லை. வாரம் ஒருமுறை பெங்களூரு சாலையில் கொஞ்ச தூரம் ஓட்டினாலே வித்தியாசம் தெரியும். முனையில் ஈரமாக ஆயில் இருந்தால் பிஸ்டன் ரிங்கோ வால்வ் சீலோ தேய்ந்திருக்கும். மேலே குழியில் மட்டும் ஆயில் நின்றால் டேப்பட் கவர் பக்கத்து சீல், இது சின்ன வேலை. முனை வெளுத்துக் கொப்புளம் விட்டிருந்தால் அதிகச் சூடு. அதைப் புதுப் பிளக் போட்டு மறைக்காமல் காரணத்தைத் தேட வேண்டும்.

நிக்கல் பிளக் சாதாரணமாக 30,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரை வரும். இரிடியம் பலவற்றில் 1,00,000 வரைகூட ஓடும். தேய்ந்த பிளக்கின் குணம் சமதளத்தில் தெரியாமல் இருக்கும். ஏலகிரி ஏறும்போது, பெரிய கியரில் ஆக்ஸிலேட்டரை மிதித்தால், வண்டி இடறும். லோடு கூடும்போது சிலிண்டர் அழுத்தம் ஏறுகிறது, அகன்றுபோன இடைவெளியைத் தாண்ட மின்பொறிக்கு அதிக வோல்டேஜ் வேண்டும். காயிலும் அதனால் சீக்கிரம் போகும். இதைத்தான் பலர் "பெட்ரோலில் கலப்படம்" என்று சொல்லிக்கொண்டு வருகிறார்கள்.

புதுப் பிளக் போட்ட பிறகும் மிஸ்ஸிங், அதாவது இந்த இடறல், இருந்தால், இடறும் சிலிண்டரின் காயிலை வேறு சிலிண்டருக்கு மாற்றிப் பாருங்கள். கோளாறும் கூடவே நகர்ந்தால் காயில்தான் போயிருக்கிறது. இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் மட்டும் ஓட்டிப் பார்க்க வேண்டாம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் சைலன்சர் பக்கத்து கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் போய் எரிந்து அதைக் கெடுத்துவிடும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, தெரிந்த மெக்கானிக்குக்கு போன் செய்யுங்கள்.