பனிக்கட்டிக்கு எங்கே இடம்?

ஃபிரிட்ஜின் பின்சுவரை ஒட்டி வைத்த கொத்தமல்லிக் கட்டு சில நாள் உறைந்துபோய்விடும். கையில் எடுக்கும்போது இலைகள் விறைப்பாக, கண்ணாடி போன்ற அடர்பச்சையில் இருக்கும். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் எல்லாம் துவண்டு, நீர் கசிந்து, கொழகொழவென்று கிடக்கும். அதே தட்டில் ஒரு சாண் தள்ளி இருந்த இன்னொரு கட்டுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. இரண்டுக்கும் இடையே வெப்பநிலை சில டிகிரிதான் வேறுபட்டிருக்கும். ஒன்றில் நீர் உறைந்தது, மற்றதில் உறையவில்லை. அவ்வளவுதான் நடந்தது. உயிர்களும் குளிரும் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நான் இந்தக் கொத்தமல்லியிலிருந்துதான் தொடங்குவேன்.

நீர் உறையும்போது அதன் மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கிக்கொண்டு படிகமாகின்றன. அந்த அடுக்கில் உப்புக்கும் சர்க்கரைக்கும் இடமில்லை. அவை மீதமிருக்கும் திரவத்துக்குள் தள்ளப்படுகின்றன. உறைய உறைய அந்தத் திரவம் மேலும் மேலும் கரிக்கிறது. உயிரணுவுக்கு வெளியே இது நடந்தால், ஊறுகாய்க்கு உப்பிட்ட மாங்காய்த் துண்டு தண்ணீர் விட்டுச் சுருங்குவதைப் போல, உயிரணுவும் தன் நீரை வெளியே விட்டுச் சுருங்குகிறது. உயிரணுவுக்கு உள்ளேயே படிகம் முளைத்துவிட்டால் சவ்வுகள் சிதைந்துபோகும். பெரும்பாலும் அதற்குப் பிறகு மீட்சி கிடையாது. ஆகவே உறைதல் இரண்டு வழிகளில் கொல்கிறது: கிழித்து, அல்லது காயவைத்து. குளிரில் வாழும் உயிர்களின் உடலியலில் பெரும்பகுதி ஒரே கேள்வியைச் சுற்றியே நிற்கிறது என்பேன். பனிக்கட்டியை எங்கே உட்கார விடுவது?

துருவக் கரடியும் பென்குயினும் இந்தக் கேள்விக்குள் வருவதே இல்லை. அவை உடலுக்குள்ளேயே சூட்டை உண்டாக்கி, கொழுப்பாலும் உரோமத்தாலும் இறகாலும் அதைக் காத்துக்கொள்கின்றன. அப்படிச் சொந்தச் சூடு இல்லாத மீனும் மரமும் தவளையும் என்ன செய்யும்?

முதலில் மீன். அண்டார்க்டிகாவின் மக்மர்டோ கடற்பகுதியில் நீர் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் மைனஸ் 1.9 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கிறது. உப்பு இருப்பதால்தான் அந்தக் குளிரிலும் கடல் திரவமாக நிற்கிறது. மீனின் இரத்தத்தில் அவ்வளவு உப்பு இல்லை. சாதாரணக் கடல்மீனின் இரத்தம் மைனஸ் 0.8 டிகிரி வாக்கிலேயே உறையத் தொடங்கிவிடும். கணக்குப்படி அங்குள்ள மீன்களெல்லாம் கட்டியாகிப் போயிருக்க வேண்டும். 1960-களில் அங்கே சென்ற ஆர்தர் டிவ்ரீஸ் என்ற இளம் அமெரிக்க ஆய்வாளர், அந்த மீன்களின் இரத்தத்தில் சர்க்கரை ஒட்டிய ஒரு புரதம் இருப்பதைக் கண்டார். மூன்றே அமினோ அமிலங்கள் திரும்பத் திரும்பக் கோத்த எளிய சரம் அது. கடலிலிருந்து மீனுக்குள் நுழைந்துவிடும் நுண்ணிய பனித்துகள்களின் மேற்பரப்பில் அந்தப் புரதம் போய் ஒட்டிக்கொள்கிறது. அடுத்த நீர் மூலக்கூறு வந்து சேர இடம் கொடுப்பதில்லை. துகள் துகளாகவே நின்றுவிடுகிறது, வளர்வதில்லை.

இந்தப் புரதத்துக்கான மரபணு, உணவைச் செரிக்கும் ஒரு நொதிக்கான பழைய மரபணுவிலிருந்து உருவானது என்று 1997-இல் தெரியவந்தது. பூமியின் மறுமுனையில், ஆர்க்டிக் கடலின் காட் மீனிடமும் ஏறத்தாழ இதே புரதம் இருக்கிறது. ஆனால் அது முற்றிலும் வேறு வழியில், எந்தப் புரதத்துக்கும் குறிப்பு தராமல் கிடந்த டி.என்.ஏ. துண்டிலிருந்து பிறந்தது. இதற்கு ஒரு விலையும் உண்டு. வளரவிடாமல் தடுக்கும் புரதம் பனித்துகளை எளிதில் உருகவும் விடுவதில்லை. கோடையில் கடல் சற்றே சூடேறும்போதும் அண்டார்க்டிக் மீனின் உடலில் பனித்துகள்கள் தங்கிவிடுகின்றன.

மரங்களின் வழி வேறு. அதைப் புரிந்துகொள்ள முதலில் நீலகிரிக்குப் போவோம். டிசம்பர், ஜனவரியில் வானம் தெளிந்திருக்கும் இரவுகளில் உதகைப் பக்கம் உறைபனி கொட்டும். இலை தன் சூட்டைத் திறந்த வானத்துக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடும். காலையில் புல்வெளி வெள்ளை வெளேரென்று கிடக்கும்; சில நாட்களில் தேயிலைத் தளிர்கள் கருகி நிற்கும். பூங்காக்களில் மலர்ச்செடிகளை மாலையிலேயே இலைதழைகளால் மூடிவைப்பது, சூடு வானத்துக்குத் தப்பிப் போகாமல் தடுக்கத்தான்.

சைபீரியாவின் வெர்கோயான்ஸ்கில் மைனஸ் 67.8 டிகிரி பதிவாகியிருக்கிறது. அந்த வட்டாரத்தில் லார்ச் மரங்கள் எந்த மூடாக்கும் இல்லாமல் காடாக நிற்கின்றன. தேயிலைக்கு இல்லாத எது அவற்றுக்கு இருக்கிறது? முன்னேற்பாடு. பகல் குறுகத் தொடங்கும்போதே மரம் வளர்ச்சியை நிறுத்துகிறது. சேமித்த மாவுச்சத்தைச் சர்க்கரையாக்குகிறது. உயிரணுச் சவ்வுகளிலுள்ள கொழுப்பின் வகையையே மாற்றுகிறது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும், நல்லெண்ணெய் உறையாது. காரணம், இரண்டிலும் உள்ள கொழுப்பு அமிலங்கள் வேறு. மரமும் தன் சவ்வுகளை நல்லெண்ணெயின் பக்கமாக நகர்த்துகிறது, குளிரிலும் அவை இளக்கமாக இருக்கும்படி. பிறகு பனி வரும்போது உயிரணுக்களுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களில் அதை உட்கார விடுகிறது. உயிரணு நீரை மெல்ல மெல்ல வெளியே விட்டு, உறைவதற்கு உள்ளே ஏதும் மிஞ்சாத அளவுக்கு வற்றிவிடுகிறது.

வற்றிய பிறகு எவ்வளவு குளிரைத் தாங்கும்? ஜப்பானின் ஹொக்கைடோவில் அகிரா சகாய் இதைச் சோதித்து 1960-இல் வெளியிட்டார். குளிர்காலக் குச்சிகளை முதலில் மெதுவாக உறையவைத்து, பிறகு மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் அமிழ்த்தினார். குச்சிகள் பிழைத்தன. அதே மரத்தின் கோடைக்காலக் குச்சி லேசான உறைபனிக்கே செத்துவிடும்.

ஆனால் என்னை எப்போதும் நிற்கவைப்பது தவளைதான். வட அமெரிக்காவில் அலாஸ்கா வரை பரவியிருக்கும் காட்டுத் தவளை அது. உள்ளங்கைக்குள் அடங்கும், பழுப்பு நிறம், கண்ணையொட்டி முகமூடி கட்டியதுபோல ஒரு கறுப்புப் பட்டை. ஆழமாக வளை தோண்டத் தெரியாது. இலையுதிர் காலத்தில் சருகுகளுக்கடியில் நுழைந்து அப்படியே அமர்ந்துவிடும். அங்கே குளிர் வந்தே தீரும்.

ஈரத்தோலில் ஒரு பனிப்படிகம் தொட்ட உடனே உறைதல் தொடங்குகிறது. அது சீக்கிரம் தொடங்குவதுதான் தவளைக்கு நல்லது. உறையாமலேயே வெகுவாகக் குளிர்ந்துவிட்டுப் பிறகு சட்டென்று உறைந்தால், தயாராக நேரம் இருக்காது. தோல் உறையத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே கல்லீரல் தன்னிடம் குவித்து வைத்திருந்த கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோஸாக இரத்தத்தில் கொட்டுகிறது. உறைந்துகொண்டிருக்கும் உடலுக்குள் இதயம் விடாமல் துடித்து, பாகு போல் ஆகிவரும் இரத்தத்தை உறுப்புகளுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இரத்தச் சர்க்கரை பல பத்து மடங்கு ஏறுகிறது. மனிதனுக்கு அந்த அளவு ஏறினால் உயிர் மிஞ்சாது. தவளையின் உயிரணுக்களிலோ அந்தச் சர்க்கரைதான் நீரைப் பிடித்து வைக்கிறது. வெளியேயுள்ள பனி நீரை இழுத்தாலும், உயிரணு ஓர் எல்லைக்கு மேல் சுருங்குவதில்லை. குளிர்காலம் முழுக்கச் சிறுநீர் கழிக்காமல் தேக்கும் யூரியாவும் இதற்குத் துணை நிற்கிறது.

பிறகு இதயம் நின்றுவிடுகிறது. மூச்சு இல்லை, இரத்த ஓட்டம் இல்லை. உடல்நீரில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பனிக்கட்டி. தோலுக்கடியில் பனித்தகடுகள், வயிற்றறையில் உறுப்புகளைச் சுற்றிப் பனி. உயிரணுக்களுக்குள் மட்டும் இல்லை. கண்கள் வெளிறியிருக்கும். தட்டினால் கூழாங்கல் போல ஒலிக்கும். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் பகுதியில் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்த தவளைகள் இப்படி ஆறு மாதத்துக்கும் மேல் கிடந்தன. மைனஸ் 18 டிகிரி வரை கண்டன. அத்தனையும் பிழைத்தன. தானம் பெற்ற மனித இதயத்தை வழக்கமான முறையில் ஐஸ் பெட்டியில் வைத்தால் நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும் என்பதை நினைத்தால், இந்தச் சிறு உடல் செய்திருப்பது என்னவென்று புரியும். உறுப்புகளைப் பாதுகாக்க வழி தேடும் ஆய்வாளர்கள் இந்தத் தவளையை விடாமல் படிப்பதும் அதனால்தான்.

வசந்தத்தில் தவளை உள்ளிருந்து வெளியே உருகுகிறது. இதயத்திலும் கல்லீரலிலும் சர்க்கரை அதிகம்; சர்க்கரை மிகுந்த இடத்தில் பனி முதலில் கரைகிறது. கால்கள் இன்னும் விறைத்துக் கிடக்கும்போதே இதயம் ஒருமுறை அசைகிறது, நீண்ட இடைவெளி விட்டு இன்னொரு முறை, பிறகு சீராக. அடுத்து மூச்சு. கடைசியில் ஒரு கால் மெல்ல மடங்குகிறது. ஓரிரு நாளில் அது குளத்தை நோக்கிப் போகும். கரையோரம் பனி இன்னும் முழுதாகக் கரைந்திருக்காது. ஆண் தவளைகள் அதற்குள் அங்கே கூப்பிடத் தொடங்கியிருக்கும்.