செயினைப் பிடிக்கப்போகும் கை யாருடையது?

பெங்களூரு அல்சூரில் என் கால்நடை கிளினிக்கின் எடை மெஷினில் அன்று ஏறி நின்ற ராட்வீலர் நாய் 46 கிலோ. வயது பதினான்கு மாதம். செயினைப் பிடித்திருந்த அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். அவரும் ஏறக்குறைய அந்த எடைதான். ஊசி போட நாயின் தலையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் பேசாமல் வலது கையை விரித்துக் காட்டினார். சுண்டுவிரல் அடியிலிருந்து கட்டைவிரல் மேடு வரை செயின் உரசிக்கொண்டு போன தடம். தோல் வழன்ற இடத்தில் மஞ்சள் பூசியிருந்தார்.

"பையன்தான் வாங்கினான் டாக்டரம்மா. நான் தனியா இருக்கேனாம், பாதுகாப்பாம். காலைல எட்டு மணிக்கு ஒயிட்ஃபீல்டுக்குப் போனா ராத்திரி ஒம்போதுக்குத்தான் வரான். இது ஒரு பூனையைப் பாத்தா போதும், என்னையும் சேத்து இழுத்துட்டுப் போவுது."

அந்த நாய் கெட்ட நாய் இல்லை. நான் அதன் காதைத் திருப்பிப் பார்த்தபோது என் முழங்கையை நக்கியது. அதற்கு ஓட இடமும், பழக்க ஆளும் வேண்டியிருந்தது. கிடைத்தது ஒரு பால்கனி.

எந்த ஜாதி நாய் நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் திருப்பிக் கேட்பது இதைத்தான்: பகல் பத்து மணிக்கு உங்கள் வீட்டில் யார் இருப்பார்கள்? நாய் வளர்வது அவரிடம். வாங்குகிறவரின் ஆசை ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வீட்டில் இருக்கும்.

காவலுக்கு என்றால் பெரிய நாய்தான் என்ற நினைப்பு நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அபார்ட்மென்டிலும் ஒண்டுக்குடித்தனத்திலும் வேண்டிய காவல் குரைப்பு. அந்நியன் காலடி படியில் விழுந்ததும் வீடு விழித்துக்கொண்டால் போதும். நாம் 'பாம்' என்று அழைக்கும் ஸ்பிட்ஸ் அதை நன்றாகவே செய்யும். பெரிய காவல் நாய் தேவைப்படுவது காம்பவுண்டு உள்ள தனிவீட்டுக்கு, பண்ணைக்கு, தோப்புக்கு. அங்கேயும் அதைப் பழக்க ஒருவர் தினமும் நேரம் கொடுக்க வேண்டும்.

கட்டிப்போட்டு, யாரிடமும் பழகவிடாமல் வளர்த்தால்தான் ரோஷம் வரும் என்று இன்றும் சொல்கிறார்கள். இதைவிட ஆபத்தான பேச்சு என் தொழிலில் நான் கேட்டதில்லை. குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறத்தாழ பதினான்காவது வாரம் வரை பார்ப்பதையும் கேட்பதையும்தான் உலகம் என்று எடுத்துக்கொள்ளும். அந்த நாட்களில் குழந்தை, கைத்தடி, பைக், காஸ் சிலிண்டர் போடுகிறவர் எல்லாரையும் பார்க்காத நாய், பிறகு பயத்தில் கடிக்கும். அந்தப் பயத்துக்குத் திருடன் யார், பக்கத்து வீட்டுப் பிள்ளை யார் என்று தெரியாது.

நம் ஊர்ப் பெருமைக்காக ராஜபாளையம் குட்டியை ரயிலேற்றிக் கொண்டுவருபவர்கள் உண்டு. எனக்கும் அந்தப் பெருமை உண்டு. 2005இல் தபால்தலையில் வந்த நாய் அது. ஆனால் அது வேட்டைக்கு ஓடிய இனம். இரண்டு ரூம் வீட்டில் அது வாடும், அல்லது சோபாவைக் கிழிக்கும். சுத்த வெள்ளைக் குட்டிகள் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வாங்கும் முன் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள்.

செலவையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நாய்கள் நடுவழியில் கைவிடப்படுவது பெரும்பாலும் இதனால்தான். மருந்து எடைக்குக் கணக்கு. இங்கே அடிக்கடி பார்க்கும் உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்ஸிசைக்ளின் பொதுவாக ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம் வீதம் 28 நாள் கொடுக்கிறோம். ஐந்து கிலோ நாய்க்கு ஆகும் மாத்திரையைப் போல ஐம்பது கிலோ நாய்க்குப் பத்து மடங்கு. சோறு, கறி, உண்ணி மாத்திரை எல்லாம் இதே கதை. கூடவே ஒன்று: பெரிய இனக் குட்டிக்கு எலும்பு பலப்படட்டும் என்று கால்சியம் டானிக்கை ஊற்றிவிடாதீர்கள். சரியான குட்டித் தீனி தின்னும் நாய்க்கு மேல்கொண்டு கால்சியம் போனால் எலும்பு கோணிக்கொண்டு வளரும். முன்னங்கால் வளைந்த குட்டிகளோடு வருகிறவர்கள், பாசத்தில்தான் ஊற்றியிருப்பார்கள்.

அப்படியானால் சின்ன நாய் சுலபமா? அதுவும் இல்லை. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். பக், ஷிட்ஸூ போன்ற சப்பை மூக்கு நாய்க்கு அந்த வழியே குறுகல். ஒரு ஏப்ரல் மதியம், சில்க் போர்டு டிராஃபிக்கில் ஏசி ஓடாத காரில் மாட்டிக்கொண்ட பக் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். நாக்கு நீலம் பாரித்திருந்தது, உடல் சூடு 108 டிகிரி ஃபாரன்ஹீட். காப்பாற்ற முடியவில்லை. இப்படி மயங்கினால் கிளினிக்குக்கு ஓடுவதற்கு முன் குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றுங்கள், காற்றுப்படச் செய்யுங்கள், அப்புறம் வண்டியில் ஏற்றுங்கள்.

பொம்மை போல இருக்கும் குட்டிகள் பிள்ளைகளின் கையிலிருந்து நழுவி முன்னங்கால் ஒடிந்து வருவதும் சாதாரணம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள வீட்டுக்கு ஒன்றரைக் கிலோ நாயை நான் சிபாரிசு செய்வதில்லை. நிதானமான, நடுத்தர அளவுள்ள நாட்டு நாய் அங்கே எவ்வளவோ மேல்.

சட்டம் பற்றியும் கேட்கிறார்கள். ராட்வீலர் உட்பட 23 இனங்களைத் தடுக்கச் சொல்லி 2024 மார்ச்சில் மத்திய அரசு அனுப்பிய சுற்றறிக்கையைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ஏப்ரலில் ரத்து செய்தது. ஆனால் உங்கள் கவனக்குறைவால் நாய் ஒருவரைக் காயப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை உண்டு. எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்பதே நாய் வளர்ப்பு, விற்பனை பற்றிய 2017 விதிகளின்படி தவறு; கண் திறந்த கையோடு தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.

அந்த ராட்வீலருக்கு வேறு வீடு தேட எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. வளர்ந்த காவல் நாயை எடுத்துக்கொள்ள லேசில் ஆள் வராது. கடைசியில் ஓசூர் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒருவர், மூன்று ஞாயிறு வந்து பழகிப் பார்த்துவிட்டுக் கூட்டிப்போனார். அன்றைக்கு அந்த அம்மா அழுத அழுகையைப் பார்த்த பிறகுதான் அவருடைய மகன் என்னிடம் உட்கார்ந்து பேசினான்.

இப்போது அவர்கள் வீட்டில் இருப்பது எட்டு வயது ஸ்பிட்ஸ். வெளிநாடு போன குடும்பம் ஒன்று விட்டுவிட்டுப் போனது. தடுப்பூசிக்கு வரும்போது அந்த அம்மா அதைக் கட்டைப்பையில் வைத்துத் தூக்கி வருகிறார். படியேறும்போதே உள்ளேயிருந்து குரைப்புச் சத்தம் கேட்கும்.