பத்திரம் ஆகிவிட்டது, வீடு கட்ட முடியவில்லை: நகரத்தை ஒட்டிய கிராமத்தில் மனை வாங்குவதற்கு முன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிவாகிவிட்டால் அந்த மனையில் வீடு கட்டலாம் என்று அர்த்தமில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுபோய்க் கொட்டியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

அவர்களில் ஒருவருக்கு நகரத்தில் ஷிப்ட் வேலை. வாடகை கொடுத்து மாளாமல், வேலைக்குப் போய்வரும் தூரத்தில் ஒரு கிராமத்தில் மூன்று சென்ட் மனை வாங்கியிருந்தார், மனைவியின் நகையை விற்று. பிளாஸ்டிக் கவரிலிருந்து லேஅவுட் வரைபடத்தை எடுத்து மேஜையில் விரித்தார். ஓரத்தில் பச்சை மையில் ஊராட்சித் தலைவரின் கையெழுத்து, கீழே ஊதா நிற ரப்பர் ஸ்டாம்ப். "பஞ்சாயத்து அப்ரூவல் இருக்குங்க சார்" என்றார். வரைபடத்தை நான்கு முறை திருப்பிப் பார்த்தேன், டிடிசிபி எண் எங்கேயும் இல்லை.

சட்டம் சுருக்கமாக இதுதான். தமிழ்நாட்டில் மனைப்பிரிவுக்கு அங்கீகாரம் வேண்டுமென்றால் அது நகர் ஊரமைப்பு இயக்ககம், அதாவது டிடிசிபி வழியாகத்தான் வர வேண்டும், சென்னைப் பெருநகர்ப் பகுதி என்றால் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏ. ஊராட்சித் தலைவர் தனியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் "பஞ்சாயத்து அப்ரூவல்" அங்கீகாரமே அல்ல. 2016 செப்டம்பரில் அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய உயர் நீதிமன்றம் தடை போட்டது, அடுத்த மாதம் 20ஆம் தேதி, அப்படிப்பட்ட மனைகளின் பதிவைத் தடுக்கும் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்காக, கட்டணம் கட்டி அங்கீகாரம் பெற்றுக்கொள்ளும் வரன்முறைத் திட்டத்தை 2017 மே மாதம் கொண்டுவந்தார்கள். 20.10.2016 என்ற தேதியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லாச் சிக்கலும் அதைச் சுற்றித்தான்.

அந்தத் தேதிக்கு முன்பே வீட்டு மனையாகப் பதிவான மனையை இன்றும் மறுவிற்பனை செய்யலாம், பதிவும் நடக்கும். இங்கேதான் ஜனங்கள் ஏமாறுகிறார்கள். பதிவு நடக்கிறதே, அப்புறம் என்ன என்று நினைத்து வாங்கிவிடுகிறார்கள். வீடு கட்ட வரைபட அனுமதிக்குப் போனால் வரன்முறை ஆணை எங்கே என்று கேட்பார்கள், வங்கியும் அதையேதான் கேட்கும். இந்தக் கேள்வியைப் பதிவு நாளன்று யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் தப்பித்திருக்கும். யாரும் சொல்வதில்லை.

சரி, வரன்முறை செய்துகொள்ளலாம் என்று கிளம்பினால் அலைச்சல் ஆரம்பம். தனி மனைக்கு ஆணை வாங்க வேண்டுமென்றால் முதலில் முழு லேஅவுட்டுக்கும் கொள்கை அளவிலான ஒப்புதல் கிடைத்திருக்க வேண்டும். லேஅவுட் போட்டவரோ மனைகளை விற்றுவிட்டு எப்போதோ போய்விட்டார். ஊராட்சி ஒன்றிய (பிடிஓ) அலுவலகத்தில் கேட்டால் டிடிசிபி மாவட்ட அலுவலகத்தைக் காட்டுவார்கள், அங்கே போனால் ஊராட்சியிலிருந்து கோப்பே வரவில்லை என்பார்கள், ஊராட்சிச் செயலரைப் பிடித்தால் அளவை வரைபடம் கொண்டு வாங்க என்பார், அதற்குத் தாலுகா ஆபீசில் சர்வேயருக்காகக் காத்திருக்க வேண்டும், சர்வேயர் வரும் நாளில் விஏஓ இருக்கமாட்டார். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் சம்பளம் போகிறது. விண்ணப்பிக்கும் கெடுவை அரசு பலமுறை நீட்டித்திருக்கிறது, அதனால் "இன்னும் டைம் இருக்கு" என்று விற்பவர் சொல்வதை நம்பாமல், இப்போது கெடு எதுவரை என்பதை வரன்முறை இணையதளத்தில் நீங்களே பாருங்கள். லேஅவுட்டுக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டதா என்பதையும் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் மற்ற மனைக்காரர்களோடு சேர்ந்து சங்கமாக விண்ணப்பிப்பதுதான் ஓரளவு நகரும் வழி, தனி ஆளாக ஓடினால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

வரன்முறைக்கே வராத நிலமும் உண்டு. வாய்க்கால், ஏரி, ஓடை போன்ற நீர்நிலையில் வந்தால் எந்தக் காலத்திலும் கிடையாது, அரசுப் புறம்போக்கும் அப்படித்தான். மழை இல்லாத மாதத்தில் பார்க்கும்போது வாய்க்கால் வெறும் பள்ளமாகத் தெரியும், மண்ணைக் கொட்டி மேடாக்கி மஞ்சள் கல் நட்டிருப்பார்கள். அதனால் நிலத்தின் எல்லைகளைக் காட்டும் புலப்படத்தை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பாருங்கள், கிராமத்து நிலங்களின் வருவாய்ப் பதிவான அ-பதிவேட்டில் அந்த சர்வே எண் என்ன வகைப்பாடு என்று பாருங்கள். இரண்டையும் வருவாய்த் துறை இணையதளத்திலேயே பார்க்கலாம். பஞ்சமி நிலம், கோயில் நிலம் என்று இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் திரும்பி வந்துவிடுங்கள். பஞ்சமி நிலம் பட்டியலின மக்களுக்காக ஒதுக்கப்பட்டது, மற்றவர்கள் வாங்கினால் செல்லாது.

விளம்பரத்தில் "டிடிசிபி" என்று பெரிதாகப் போட்டு பக்கத்தில் சின்ன எழுத்தில் "அப்ளைடு" என்று போடுகிறார்கள். விண்ணப்பித்தது அங்கீகாரம் ஆகாது. எண் கொடுத்தாலும், அந்த அங்கீகார வரைபடத்தில் உள்ள சர்வே எண்களும் உங்கள் மனையின் சர்வே எண்ணும் ஒன்றா என்று ஒப்பிடுங்கள். பக்கத்து லேஅவுட்டின் எண்ணைக் காட்டி விற்பதும், வரைபடத்தில் பூங்காவுக்கு விட்ட இடத்தைத் துண்டு போட்டு விற்பதும் நடக்கிறது. 500 சதுர மீட்டருக்கு மேல், அதாவது சுமார் பன்னிரண்டரை சென்டுக்கு மேல் உள்ள மனைப்பிரிவை ரெராவில், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில், பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. பதிவான விற்பனை ஒப்பந்தம் போடாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கவும் கூடாது. "புக்கிங் இன்னிக்கே முடிச்சிடுங்கண்ணே" என்று அவசரப்படுத்தினால் இதைச் சொல்லிக் கேளுங்கள், பேச்சு மாறுவதைப் பார்ப்பீர்கள்.

இப்போது புதிதாகப் பரவுவது பண்ணை நிலம். 22-ஏ தடை வீட்டு மனைக்குத்தானே, அதனால் விவசாய நிலத்தையே ஐந்து சென்ட், பத்து சென்டாக நறுக்கி, பத்திரத்தில் விவசாய நிலம் என்றே எழுதி விற்கிறார்கள். பதிவாகும், பட்டாவும் பல நேரங்களில் பலர் பெயரும் சேர்ந்த கூட்டுப் பட்டாவாகத்தான் வரும். வீடு கட்டப் போனால் நில உபயோக மாற்றம் வேண்டும், முறையான சாலை வேண்டும். பத்து சென்ட் நிலத்துக்கு அதை வாங்கிய ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை.

தினமும் நகரத்துக்குப் போய்வர வேண்டியவர்கள் சாலையைத் தனியாக விசாரியுங்கள். லேஅவுட் சாலைகளைத் தானப் பத்திரம் மூலம் ஊராட்சிக்கு ஒப்படைத்தார்களா என்று கேட்டு, அந்தப் பத்திர நகலை வாங்குங்கள். ஒப்படைக்கவில்லை என்றால் அது தனியார் நிலம், ஊராட்சி தார் போடாது, தெருவிளக்கு வைக்காது, மழைக்காலத்தில் இரவு ஷிப்ட் முடிந்து சேற்றில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டும். பைபாஸிலிருந்து பத்து நிமிடம் என்பார்கள், நீங்கள் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் ஒரு நாள் போய்ப் பாருங்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று டீக்கடையில் கேளுங்கள்.

ஊருக்குள் நத்தத்தில், அதாவது கிராமக் குடியிருப்பு நிலத்தில், பழைய வீடு கிடைத்தால் பல நேரங்களில் அதுவே மேல். ஆனால் அங்கே வாரிசுப் பிரச்சினை. அண்ணன் தம்பிகள் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள் என்று வாங்கிவிடுவார்கள், கட்டிக்கொடுத்த பெண்களை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். தமிழ்நாட்டில் 1989லேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு தந்தாயிற்று. எல்லா மகள்களும் கையெழுத்துப் போட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் கோர்ட்டில்தான் சந்திக்க வேண்டும்.

செலவுக் கணக்கில் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் சேர்த்துக்கொள்ளுங்கள். 10 லட்சம் ரூபாய் வரையுள்ள சொத்தைப் பெண் பெயரில் வாங்கினால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு, கேட்டால்தான் சொல்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு எளிய சோதனை உண்டு. கடன் தேவையில்லை என்றாலும் பத்திர நகல்களை எடுத்துக்கொண்டு ஒரு அரசு வங்கியில் வீட்டுக்கடன் கேளுங்கள். அவர்களுடைய வக்கீல் முடியாது என்று சொன்னால் நீங்களும் முடியாது என்று சொல்லிவிடுங்கள். விற்பவர் தானே கடன் ஏற்பாடு செய்வதாகச் சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள். வில்லங்கச் சான்றை 1975 முதல் பதிவுத்துறை தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், அதைப் பார்க்க புரோக்கருக்குப் பணம் தராதீர்கள்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் வாய்மொழியாகக் கேட்டுத் திரும்பாதீர்கள். எல்லாம் எழுத்தில். திங்கட்கிழமை கலெக்டர் அலுவலக மக்கள் குறைதீர் நாளில் மனு கொடுத்து ரசீதை வாங்குங்கள். அப்புறம், 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி டிடிசிபி மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் (ஆர்டிஐ) மனு அனுப்புங்கள்: இந்த சர்வே எண்ணில் உள்ள மனைப்பிரிவுக்கு ஒப்புதல் உண்டா, இல்லையென்றால் கோப்பு யாரிடம் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது. 30 நாளில் பதில் தர வேண்டும். அந்த ஷிப்ட்காரருக்கும் முதலில் எழுதிக் கொடுத்தது இந்த மனுவைத்தான், பதிவுத் தபாலில், ஒப்புகை அட்டையோடு.