டாட்டூ: தட்டிப் பிறந்த சொல்

டாட்டூ என்பது ஆங்கிலச் சொல் என்று நினைத்துக்கொண்டுதான் நாம் அதற்குத் தமிழ் தேடுகிறோம். ஆங்கிலத்துக்கும் அது இரவல் சொல்தான். சொந்தக்காரர்கள் பசிபிக் பெருங்கடலின் தீவுக்காரர்கள். தஹிதியிலும் சமோவாவிலும் 'ததாவ்' என்பார்கள். 1769இல் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் எண்டெவர் கப்பல் தஹிதியில் நின்றிருந்த மாதங்களில், அங்கே ஆணும் பெண்ணும் உடம்பில் போட்டிருந்த கோலங்களைப் பற்றிக் குக் தன் நாட்குறிப்பில் எழுதினார். அவர்கள் மொழியில் இதற்கு 'டாட்டோ' என்று பெயர், கருப்பைத் தோலுக்கு அடியில் பதிப்பதால் அது அழிவதே இல்லை என்பது அந்தக் குறிப்பின் சாரம். அவர் காதில் விழுந்தபடி எழுதிய சொல்தான் தேய்ந்து 'டாட்டூ' ஆகி, பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானியம் என்று ஊரெல்லாம் சுற்றி நம் தெருவுக்கும் வந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் ஏற்கெனவே இன்னொரு டாட்டூ இருந்தது. இரவில் படைவீரர்களை முகாமுக்குத் திரும்ப அழைக்கும் முரசொலி அது. பீப்பாயின் குழாயை மூடு என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் வந்தது. எடின்பரோவில் ஆண்டுதோறும் நடக்கும் 'மிலிட்டரி டாட்டூ' இந்த வகை. அதைத் தமிழில் எழுதும்போது படை இசை அணிவகுப்பு என்று எழுதினால் போதும், குழப்பம் வராது.

சரி, 'ததாவ்' என்றால் என்ன? அதன் முதல் துண்டு 'தா'. இந்தத் தீவுகளின் பாலினீசிய மொழிகளில் 'தா' என்றால் அடித்தல், தட்டுதல். (தமிழிலும் 'தட்டு' இருக்கிறதே என்று உடனே கோடு போட்டு இணைத்துவிட வேண்டாம். ஓசை ஒத்திருப்பது மட்டும் உறவுக்குச் சான்று ஆகாது.) வேலை நடக்கும் விதத்தைப் பார்த்தால் அந்தப் பெயர் ஏன் பொருந்துகிறது என்று புரியும். காட்டுப்பன்றியின் தந்தத்தையோ எலும்பையோ சீப்புப் பல் போலக் கூராக அறுத்து, ஆமை ஓட்டுத் தகட்டில் கட்டி, அதை ஒரு மரப்பிடியின் முனையில் குறுக்காகப் பொருத்துவார்கள். பார்க்கச் சின்ன மண்வெட்டி மாதிரி இருக்கும். பற்களை மையில் தோய்த்துத் தோலின் மேல் வைத்து, பிடியை ஒரு கோலால் தட்டுவார்கள். உதவியாளர்கள் இரண்டு பக்கமும் உட்கார்ந்து தோலை இழுத்துப் பிடித்து, கசியும் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே இருப்பார்கள். மை, 'லாமா' என்கிற எண்ணெய்க் கொட்டையை எரித்துச் சேர்த்த கரி. இப்போது சீப்பின் பற்கள் பெரும்பாலும் எஃகு, ஏனென்றால் அதைக் கிருமி நீக்கிச் சுத்தம் செய்ய முடியும். தட்டும் விதம் மட்டும் மாறவில்லை.

இந்த வேலையைச் செய்பவருக்குச் சமோவாவில் 'துஃபுங்கா தா ததாவ்' என்று பெயர். இந்தத் 'துஃபுங்கா' என்ற சொல்லை நாம் கவனிக்க வேண்டும். வீடு கட்டுபவரும் துஃபுங்கா, படகு கட்டுபவரும் துஃபுங்கா, பச்சை குத்துபவரும் துஃபுங்கா. மரவேலை, பொன்வேலை, கல்வேலை எல்லாவற்றுக்கும் நம் ஊரில் ஆசாரி என்ற ஒரே சொல் பொருந்துகிறதே, அது போலத்தான். தச்சுவேலையின் வாடை ததாவிலும் இருக்கிறது. ஆண்களின் கோலத்தில் வரிசையாக வரும் கோடுகளுக்கு 'அசோ' என்று பெயர், கூரை வேயத் தாங்கும் வரிச்சட்டங்களுக்கும் அதே பெயர்தான். முதுகின் கீழே குறுக்காக ஓடும் பட்டைக்குப் பெயர் 'வஆ', அதாவது படகு. அந்த உடம்பில் ஒரு வீடும் ஒரு படகும் கட்டியிருக்கிறார்கள். 'ஆர்ட்டிஸ்ட்' என்ற சொல்லை அப்படியே 'ஓவியர்' என்று பெயர்த்தால் இதெல்லாம் விட்டுப்போகும்.

ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால் வரை குத்துவது 'பெஆ'. அந்தச் சொல்லுக்குப் பழந்தின்னி வௌவால் என்றும் பொருள் உண்டு. கருஞ்சிறகு போர்த்திய மாதிரி இருப்பதை ஒருமுறை பார்த்தவர்களுக்குக் காரணம் தானாகப் புரியும். பெண்களுக்குத் தொடையிலிருந்து முழங்காலின் பின்புறம் வரை குத்துவது 'மலு', காப்பு என்று பொருள். பெஆ ஒரே நாளில் முடியாது, பல அமர்வுகள் ஆகும். வலி தாங்காமல் பாதியில் எழுந்து போனவருக்கு 'பெஆ முத்து' என்று பெயர் விழும், அறுந்த பெஆ என்று. அது குடும்பத்துக்கே தலைகுனிவு. முடித்தவருக்குத் தேங்காய் எண்ணெயும் மஞ்சளும் பூசிச் சடங்கு செய்வார்கள். நமக்கு இதைப் படிக்கும்போது ஒரு வீட்டு விசேஷத்தின் வாசனை வரும்.

19ஆம் நூற்றாண்டில் கிறிஸ்தவப் பாதிரிகள் வந்ததும் இந்தக் கலைக்குக் கெட்ட காலம் பிறந்தது. தஹிதியில் 1819இல் வந்த மன்னர் போமாரேயின் சட்டம் இதைத் தடுத்தது. அங்கே கிட்டத்தட்ட அற்றேபோய், 1980களில்தான் திரும்ப உயிர்பெற்றது. சமோவாவில் மட்டும் அறுபடவில்லை. அங்கிருந்து நியூசிலாந்துக்குக் குடியேறிய சுஆ சுலுஆபே பவுலோ என்ற துஃபுங்கா 1970களில் ஆக்லாந்தில் இதைத் தொடர்ந்தார். சமோவா உறவினருக்கு மட்டுமல்ல, நியூசிலாந்து ஓவியர் டோனி ஃபோமிசனுக்கும் அவர் முழுப் பெஆ குத்தினார். வெளியாளுக்குக் குத்தலாமா என்று அப்போதே பேச்சு எழுந்தது.

அந்தக் கேள்விக்கு நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரிகள் சொல்லாலேயே ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அவர்களுடையது 'தா மோகோ'. அதே 'தா'தான், ஆனால் பழைய முறையில் 'உஹி' என்ற உளியால் தோலில் பள்ளம் விழச் செதுக்குவார்கள். மோகோ என்பது முன்னோர் வரிசை, குலம், இடம் எல்லாம் சேர்ந்தது. மாவோரி அரசியல்வாதி நனையா மஹுத்தா 2016இல் தாடையில் மோகோ இட்டுக்கொண்டு, 2020இல் நியூசிலாந்தின் வெளியுறவு அமைச்சரானார். மாவோரி வம்சத் தொடர்பு இல்லாதவருக்கு அதே பாணியில் இடுவதை 'கிரிதுஹி' என்கிறார்கள். கிரி என்றால் தோல், துஹி என்றால் வரைதல், எழுதுதல். தோல் ஓவியம்!

இனி நம் பக்கம். 'தோல் ஓவியம்', 'உடற்சித்திரம்' என்றெல்லாம் டாட்டூவுக்குச் சொல்லாக்குகிறோம். அவை தவறில்லை, ஆனால் அவை கிரிதுஹிக்குத்தான் சரியாக உட்காரும், ததாவுக்கு உட்காராது. சிலர் சங்க இலக்கியத்தின் 'தொய்யில்' என்ற சொல்லை எடுத்து வருகிறார்கள். கலித்தொகையில் வரும் அழகான சொல். ஆனால் தொய்யில் என்பது தோளிலும் மார்பிலும் குழம்பால் எழுதும் கோலம். குளித்தால் போய்விடும், அதனால் அழியாத ஒன்றுக்கு அதை வைப்பது பொருளையே தலைகீழாக்கும்.

நமக்குப் 'பச்சை குத்துதல்' போதும் என்பது என் முடிவு. போதும் என்று மட்டும் சொன்னால் குறைத்துச் சொன்னதாகும். தீவுக்காரர்கள் தட்டும் கையைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். நாம் குத்தும் கையையும் சேர்த்து, ஆறிய பிறகு தெரியும் நிறத்தையும் பார்த்து வைத்திருக்கிறோம். மை என்னவோ கருப்புதான். அகத்திக் கீரையையும் மஞ்சள் பொடியையும் துணியில் சுற்றித் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே புதுச் சட்டியைக் கவிழ்த்துப் பிடித்த கரி அது. தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ குழைத்து, கட்டாகச் சேர்த்த ஊசிகளால் குறவர் பெண்கள் குத்துவார்கள். தோலுக்கு அடியில் உட்கார்ந்த கரியை மேல்தோலின் வழியே பார்ப்பதால் நீலமும் பச்சையுமாகத் தெரிகிறது.

என் அப்பாயியின் வலது முன்கையில் ஒன்பது புள்ளி வைத்துச் சுற்றிய கோலம் இருந்தது. நடுப்புள்ளி கொஞ்சம் விலகியிருக்கும். எட்டு வயதில் குத்தும்போது கையை இழுத்துவிட்டாளாம். "பச்சை குத்தலியோ பச்சை"ன்னு தெருவில் குரல் வந்ததும் ஓடி ஒளிந்ததையும், குத்துகிறவள் வலி தெரியாமல் இருக்கப் பாட்டுப் பாடியதையும் அந்தப் புள்ளியைத் தடவிக்கொண்டே சொல்வாள். "போட்டுக்கிட்டேன்" என்று ஒருநாளும் சொன்னதில்லை, "குத்திக்கிட்டேன்" என்றுதான் சொல்வாள்.

ஆகவே டாட்டூ கடைக்குப் 'பச்சை குத்துமிடம்' என்றும், அங்கே வேலை செய்பவருக்குப் 'பச்சை குத்துநர்' என்றும் தாராளமாக எழுதலாம். பேச்சில் டாட்டூ என்றால் குற்றமில்லை, அதுவும் ஒரு தீவுக்காரரின் சொல்தானே. 'டாட்டூ வரைதல்' என்று எழுதுவதை மட்டும் விட்டுவிடுவோம். பாலினீசிய வகைகளைக் குறிக்கும்போது பெஆ, மலு, மோகோ என்று அவரவர் பெயரிலேயே எழுத வேண்டும். கடைப் பட்டியல்களில் இவை எல்லாவற்றையும் 'ட்ரைபல்' என்ற ஒரே மூட்டையில் கட்டிவைத்திருக்கிறார்கள். அப்புறம், மோகோவோடு வரும் வினை 'குத்து' அல்ல, 'செதுக்கு'.